மஞ்சள் கோடும் உப்பு முடிச்சும்

1. கை பார்த்த முதல் நாள்

வேலை கேட்டுப் போன அன்று என்னிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க ஒன்றும் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் பழகியதோடு, தம்பியைப் பார்த்துக்கொள்ள எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பியவள் நான். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு இப்போது அவசரம் ஒன்றும் இல்லை.

அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பழைய தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, பல வருடம் பூட்டிக் கிடந்தது. அதன் மாடியில், ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய இடத்தில், ஜெயசீலன் சேர் ஒரு பட்டறை போட்டார். சார் என்பதை நாங்கள் சேர் என்போம். அவர் எங்கள் ஸ்டோரில் தேயிலைத் தரம் பார்த்த பழைய டீமேக்கரின் மகன். வெளிநாட்டில் படித்து, அங்கேயே வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று, வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவியைச் செய்து அந்த நாட்டு ஆய்வுகூடங்களுக்கே அனுப்பப் போவதாகச் சொன்னார். மாதக்கணக்கில் வெயில் முகம் பார்க்காத ஊரில் இருந்துகொண்டு வெளிச்சத்தைப் பார்க்கக் கருவியா என்று கடைவீதியில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை என்று கேள்விப்பட்டேன், போனேன்.

"கைய நீட்டுங்கக்கா" என்றார்.

"ரேகை பாக்கவாங்க சேர்?"

சிரித்துக்கொண்டே என் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுந்துக் கறை நகக்கண் வரைக்கும் ஏறியிருந்தது.

"இந்தக் கறை போகுமா?"

"கொழுந்து எடுக்குறத விட்டா தன்னால போயிரும் சேர்."

"அப்ப விட்டுருங்க" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த நியமனம்.

2. தொட முடியாத நெருப்பு

எங்களைச் சேர்த்துக்கொண்ட புதிதில் ஒரு நாள் எல்லாரையும் சுற்றி உட்காரவைத்து, எதற்காக இந்த வேலை என்று சேர் சொன்னார். அந்தக் குணம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. எதற்கு என்று சொல்லாமல் ஒரு திருகாணியைக்கூட எங்களிடம் தரமாட்டார்.

"சூரியனுக்குள்ள நடக்குறத பூமியில ஒரு பெரிய இரும்புக் கூட்டுக்குள்ள நடத்திப் பாக்குறாங்க. அந்த நெருப்புக்குப் பேரு பிளாஸ்மா. அதுலருந்து கரண்டு எடுக்கலாம்னு ஒரு முயற்சி."

என் பக்கத்தில் இருந்த புஷ்பம் சும்மா இருக்க மாட்டாள். "பொல்பிட்டியவுல தண்ணியில எடுக்குறாங்களே சேர், அது பத்தாதாமா?"

"மழ இல்லாட்டி என்னா செய்வாங்க?"

"கரண்ட வெட்டுவாங்க."

"அதுக்குத்தான்."

அந்த நெருப்புக்குள் எதையும் விட்டுப் பார்க்க முடியாதாம். எது போனாலும் உருகிவிடும். அதனால் அதிலிருந்து வெளியே வரும் வெளிச்சத்தை வைத்தே உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு சூடு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"எங்கப்பா தேத்தண்ணிய ஒரு வாய் உறிஞ்சித் துப்பிட்டு, எந்த மலைக் கொழுந்து, வாட்டுனது பத்துச்சா பத்தலையான்னு சொல்லிருவாருல்ல? இதுவும் அப்பிடித்தான்" என்றார். எங்களுக்கு விளங்கிவிட்டது. அவருடைய அப்பா துப்பிய தேத்தண்ணியால் திட்டு வாங்காதவர்கள் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை.

கருவிக்குள்ளே கிரேட்டிங் என்று ஒரு கண்ணாடி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கமாகக் கோடு கீறியது. அதன் மேல் வெளிச்சம் பட்டால் நிறம் நிறமாகப் பிரியும். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று கோடுகள் உண்டு. ஹைட்ரஜன் என்றால் சிவப்பு ஒன்று, பச்சை கலந்த நீலம் ஒன்று, ஊதா ஒன்று. அது எங்கே எரிந்தாலும் கோடு இடம் மாறி நிற்காது. எனக்கு அது பிடித்துப்போனது. பேச்சு மாறாத மனிதரைப் பார்த்தது போல.

கருவி சரியாகப் பார்க்கிறதா என்று சோதிக்க எங்களிடமே ஒரு குட்டிப் பிளாஸ்மா இருந்தது. முழங்கை நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே சின்னச் சின்ன உலோகத் துண்டுகளும் பீங்கான் வளையங்களும் இருக்கும். பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஹைட்ரஜன் விட்டு, கரண்டு கொடுத்தால் ரோசாப்பூ நிறத்தில் எரியும். கருவியோடு அந்தக் குழாயும் சேர்ந்தே வெளிநாட்டுக்குப் போகும்.

அந்தக் குழாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் கழுவுவது என் பிரிவு. சவர்க்காரத் தண்ணீர், பிறகு வடித்த தண்ணீர், பிறகு ஸ்பிரிட், பிறகு ‘அவன்’ என்கிற சூட்டடுப்பில் காயவைப்பது. வெறுங்கை படவே கூடாது. நூல் பிரியாத வெள்ளைக் கிளவுஸ் ஆளுக்கு இரண்டு சோடி. சாயந்தரம் கழுவி வாசல் ஓரத்துத் தட்டில் அவரவர் இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும், ஒரு சோடி கையில் இருக்கும் நாளில் மற்றது தட்டில் கிடக்கும். நான் அந்தப் பிரிவுக்குத் தலைமையாக வந்த பிறகு எங்கள் குழாய் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. என் பிரிவில் கழுவிய கண்ணாடியில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும் என்று நானே சொல்வேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

3. கோடு வந்தது

ஒரு வருடம் மழை விடவே இல்லை. காற்றும் சேர்ந்துகொண்டது. வெளியே தண்ணீர்க் குழாய்க்கு மேலே போட்டிருந்த தகரக் கூரை ஒரு காற்றில் பிய்ந்து ஓடைக்குள் போய் விழுந்தது. அந்தத் தகரத்துக்கு அடியில்தான் எங்கள் உப்பு முடிச்சுகளை மாட்டிவைப்போம்.

உப்பு முடிச்சு தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இப்போது வான் வண்டி வந்து ஏற்றிப் போகிறது. அப்போது லயத்திலிருந்து பட்டறைக்குத் தேயிலை மலை வழியாக நடந்துதான் வருவோம். ஈரம் என்றால் அட்டை. காலில் ஒட்டினால் பிடுங்கக் கூடாது, ஒரு துணியில் கல்லுப்பை முடிந்துகொண்டு அதனால் ஒரு ஒற்று ஒற்றினால் தானாக விழும். மலையில் வேலை பார்த்தவள் எவளும் உப்பு முடிச்சு இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள். வேலைக்கு வந்ததும் முடிச்சை மாட்டிவிட்டு, கைகால் கழுவி உள்ளே போவோம். சாயந்தரம் எடுத்துக்கொண்டு நடப்போம். தகரம் போன பிறகு முடிச்சை நனையவிட முடியாதே. வாசலுக்கு உள்பக்கம் சுவரில் ஆணி வரிசை இருந்தது. எல்லாரும் அதில் மாட்டினோம்.

அந்த மழையில்தான் கோடு வந்தது. ஒரு பெரிய ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டிய கருவி அது. குழாயைப் பற்றவைத்தார்கள், ரோசா நிறம் வந்தது. திரையில் சிவப்பு, நீலம், ஊதா எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. நடுவே, ஒன்றும் இருக்கக் கூடாத கருப்பில், மஞ்சளாக ஒரு கோடு. சேர் பெரிதாக்கிக் காட்டினார். ஒன்றில்லை, ஒட்டிப் பிறந்தது போல இரண்டு.

"சோடியம்" என்றார். "உப்புல இருக்குறது. கழுவுன சாமான்ல உப்புப் பட்டுருக்கு."

"எங்க சாமான்லயா?"

"கைவேர்வையா இருக்கும்க்கா. வேற என்னா?"

கழற்றிக் கழுவி மறுபடி போட்டோம். கோடு போய்விட்டது. அடுத்த குழாயில் வந்தது. அதற்கடுத்ததில் இல்லை. அதற்கும் அடுத்ததில் மறுபடி வந்தது. யார் கழுவியது என்று தெரிய, நாங்கள் ஒவ்வொருவரும் கழுவிய சாமான் வைக்கும் எங்கள் தட்டில் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருப்போம். கோடு வந்த குழாய்களின் தட்டில் எல்லாம் பச்சை நூல் இருந்தது. பச்சை நூல் செல்வராணியுடையது.

செல்வராணி எங்களில் கடைசியாக வந்து சேர்ந்தவள். மலையில் கூடையோடு சறுக்கி விழுந்து முழங்கால் போனதால் இங்கே வந்தவள். சரிவில் ஏறினால் கால் மடங்கிவிடும். நடந்து வருவதே எல்லாருக்கும் பின்னால்தான். ஆனால் வாய் முன்னால் வந்துவிடும். தன் காலைத் தானே கேலி செய்வாள், "என் காலு கவர்மெண்டு ஆபீசு மாதிரி, பாதி நாளு வேல செய்யாது" என்பாள். கை வேர்க்கும் உடம்பு அவளுக்கு. அதையும் அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது அது அவளுக்கு எதிராக நின்றது.

"கையில கடலயே வச்சிருக்கா" என்றாள் புஷ்பம்.

செல்வராணி அதற்குப் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

4. பேர் சொல்லச் சொன்னார்

கருவி எப்போது வரும் என்று ஆய்வுகூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மஞ்சள் கோட்டோடு அனுப்ப முடியாது. அவர்கள் நெருப்புக்குள் என்ன அழுக்கு இருக்கிறது என்று பார்க்கத்தான் கருவியே. அந்தக் கருவியோடு நாம் அழுக்கை அனுப்பினால் பிறகு யார் நம்மிடம் வருவார்கள்? சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தெய்வானக்கா, செல்வராணிய கழுவுற எடத்துலருந்து எடுத்துருங்க."

"எடுத்து எங்கங்க போடுறது?"

"அதத்தான் யோசிக்கிறேன். பெட்டி கட்டுற எடத்துல தூக்கி எறக்கணும். அவ காலுக்கு ஆகாது."

"அப்ப மலைக்கு ஆகுங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

"நீங்க அவகிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா தாங்கிக்குவா."

எனக்கு மலை ஞாபகம் வந்தது. கொழுந்துக்குள்ளே முத்தல் இலை கிடந்தால், எல்லார் கூடையும் ஒன்றாய்க் கொட்டிய பிறகுகூட, யாராவது ஒருத்தியைக் கூப்பிட்டு வரிசைக்கு முன்னால் நிறுத்துவார்கள். அவள் போட்டதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவள்தான் முத்தல் இலை போடுகிறவள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அந்தப் பேரோடுதான் வேலையை விட்டாள். நான் ஒரு தடவையும் அப்படி நின்றதில்லை, என்னை நிறுத்த விட்டதும் இல்லை. ஆனால் மற்றவர்கள் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

"சேர், அவ கைதான்னு பாத்தீங்களா?"

"கோட்டப் பாத்தேன்."

"கோடு உப்புன்னு சொல்லுது. செல்வராணின்னு சொல்லுதா?"

ஜன்னலை விட்டுத் திரும்பினார். பிறகு, "அதுவும் சரிதான். நாளைக்குக் காலையில எல்லாரு கையையும் பாத்துருவோம். எனக்கு அந்த ஒரு நாளுதான்க்கா இருக்கு" என்றார்.

அன்று சாயந்தரம் செல்வராணிக்காக மெதுவாக நடந்தேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"அக்கா, எனக்குத் தெரியும்" என்றாள். "நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லத்தானே கூட வர்றீங்க?"

"இல்ல. நாளைக்கு வந்து கையக் காட்டணும்னு சொல்ல வர்றேன்."

"காட்டுறேன். காட்டி என்னா? வேர்க்குற கைய வெட்டியா போட முடியும்?"

அட்டை ஒன்று அவள் கணுக்காலில் ஏறியது. குனிந்து, முடிச்சை எடுத்து ஒற்றினாள். விழுந்தது. வலிக்கும் காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவள், மேலே தெரிந்த சரிவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

5. சாப்பாட்டு அறை அடுப்பு

மறுநாள் சேர் எங்களை வேலை செய்யும் இடத்துக்கு விடவில்லை. நேரே சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது.

"சோறு பொங்கி வழிஞ்சா நெருப்பு என்னா ஆகும்?"

"மஞ்சளாகும்" என்று எல்லாரும் சொன்னோம். இதில் என்ன கேள்வி.

"அதே மஞ்சள்தான் அங்க திரையில நிக்குது. அது உப்போட வெளிச்சம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் அடுப்பில் பார்த்ததும் அதுதானா என்று.

ஒரு மெல்லிய கம்பியை நெருப்பில் பிடித்தார். மஞ்சள் வந்து அடங்கும் வரை சுட்டார். வடித்த தண்ணீரில் தோய்த்துக் காட்டினார், நெருப்பு நீலமாகவே இருந்தது. பிறகு ஆளுக்கொரு கிண்ணத்தில் வடித்த தண்ணீர் வைத்து விரல்களை அலசச் சொன்னார். கம்பியை ஒவ்வொரு கிண்ணத்திலும் தோய்த்து நெருப்பில் காட்டுவது, பிறகு சுட்டுச் சுத்தமாக்குவது, அடுத்த கிண்ணம்.

செல்வராணி தானாக முன்னால் வந்தாள். "மொதல்ல என்னுதப் பாருங்க சேர். பாத்துட்டுப் போயிர்றேன்."

மஞ்சள் நன்றாகவே வந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள்.

அடுத்தது புஷ்பம். அதுவும் மஞ்சள். அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நான். கைகழுவுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நம்பியவள் நான். நெருப்பு என் மரியாதையைப் பார்க்கவில்லை, எனக்கும் மஞ்சள்தான். வரிசையாக எல்லாருக்கும் மஞ்சள். கடைசியில் சேர் தன் கையையும் அலசினார். அவருடையது எங்கள் எல்லாரையும்விடக் கொஞ்சம் தூக்கலாக எரிந்தது.

ஓரத்திலிருந்து செல்வராணி குரல் வந்தது. "சேர், நீங்களும் என்னோட மலைக்கு வர்றீங்களா? கொழுந்துக் கூடை எங்கிட்ட ஒன்னு இருக்கு."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சேரும் சிரித்தார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இதுல ஒன்னும் தெரியல. மனுசங்கன்னா உப்பு இருக்கத்தான் செய்யும். அதுக்குத்தானே கிளவுஸ். இனி கிளவுஸப் பாக்கணும். போட்டதயும் பாக்கணும், போடாததயும் பாக்கணும்."

"போடாததுல என்னாங்க இருக்கப் போவுது?" என்றாள் புஷ்பம்.

"ஒன்னும் இருக்கக் கூடாது. இல்லங்குறத நம்ம சொல்லக் கூடாது, பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

பிரிக்காத பாக்கெட்டிலிருந்து ஒரு சோடி எடுத்து அலசினார். நெருப்பு நீலம். வாசல் தட்டில் முந்தின நாளெல்லாம் கிடந்த, கழுவிய கிளவுஸ்களைக் கொண்டுவரச் சொன்னார். அன்று இன்னும் யாரும் கையில் மாட்டவில்லை. என்னுடையது நீலம். புஷ்பத்தினுடையது நீலம். செல்வராணியுடையதைத் தோய்த்த கம்பியை நெருப்பில் வைத்ததும், அடுப்பு முழுக்க மஞ்சளாய் எழும்பியது. சோறு வழிந்தால்கூட அப்படி வராது.

"நான் இன்னக்கி அதத் தொடவே இல்லீங்களே" என்றாள் செல்வராணி.

எல்லாரும் வாசல் பக்கம் போனோம். கடைசியாக வந்தவள் என்பதால் தட்டில் அவளுக்குக் கடைசி இடம், கதவோரம். அதற்கு நேர் மேலே ஆணி வரிசை. ஆணியில், காலையில் வந்ததும் நாங்கள் மாட்டிய உப்பு முடிச்சுகள். அடைமழை ஈரத்தில் கல்லுப்பு தண்ணீர் விட்டு, துணி நனைந்து, நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. செல்வராணி கையை நீட்டினாள். சொட்டு அவள் விரலில் விழுந்தது. சேர் வேண்டாம் என்று சொல்வதற்குள் நக்கிப் பார்த்துவிட்டாள்.

"கரிக்குது" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அவள் முடிச்சு மட்டுமா அங்கே தொங்கியது? எல்லாருடையதும்தான். என்னுடையதும் புஷ்பத்தினுடையதும் சேர்ந்து சொட்டியதை அவள் கையில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். புஷ்பம் ஆணியிலிருந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே கொண்டுபோனாள். மத்தியானம் தன் ரொட்டியில் பாதியைச் செல்வராணி பக்கம் தள்ளி வைத்தாள். அவர்களுக்குள் அதோடு முடிந்தது.

6. ஒன்றும் இல்லாத இடம்

தட்டில் இருந்த கிளவுஸ் அத்தனையையும் ஒதுக்கிவிட்டுப் புதியது பிரித்தோம். ஜெயசீலன் சேர் குழாயின் சாமான்களைச் செல்வராணியையே கழுவச் சொன்னார். பம்ப் ஓடியது, ரோசா நிறம் வந்தது. திரையில் சிவப்பு, நீலம், ஊதா. நடுவில் கருப்பு.

செல்வராணி திரைக்குக் கிட்டப் போய்த் தேடினாள். "எங்கக்கா அது?"

"அதுதான் இல்லையே, புள்ள."

இருந்தும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வலிக்கும், உட்கார் என்றேன். கேட்கவில்லை.

தண்ணீர்க் குழாய்க்கு மேலே புதுத் தகரம் போட்டார்கள். உப்பு அதற்கு அடியில்தான், வாசல் தாண்டி வரக் கூடாது என்பது சட்டமாயிற்று. நான் ஓய்வு பெற்ற பிறகு கழுவும் பிரிவுக்குச் செல்வராணிதான் தலைமை. ஒரு சாமானில் பிழை வந்தால் அவள் முதலில் ஆளைக் கூப்பிடுவதில்லை. போடாத கிளவுஸை எடுத்து நெருப்பில் பார்க்கிறாள். யார் கையும் படாததில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் யார் கையையும் பார்க்கிறாள். நான் அந்தப் பட்டறையில் கற்றுக்கொண்டதும் இதுதான். பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

அந்தக் கருவி போய்ச் சேர்ந்ததும், அங்கே குழாயைப் பற்றவைத்து எடுத்த படத்தை அனுப்பினார்கள். சேர் அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினார். இன்னும் இருக்கிறது. போன மாதம் பட்டறைக்குப் போயிருந்தபோது புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று கேட்டது, "இதுல நீங்க செஞ்ச வேல எங்க அம்மாச்சி தெரியுது?"

சிவப்புக் கோட்டைக் காட்டவில்லை. நீலத்தையும் காட்டவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கருப்பில் விரலை வைத்தேன்.

"இந்தா, இங்க ஒன்னும் இல்ல பாரு. இதுதான் நாங்க கழுவுனது."